பன்னிரண்டு டிகிரி

மூன்றாவது மாடிக்காரர் இங்கிலாந்திலிருந்து திரும்பிய மறுநாள் என் வீட்டு மணியை அடித்தார். கையில் பூத்துவாலை சுற்றிய ஒரு பொட்டலம். அவருடைய பையனும் என் மகளும் அங்கே ஒரே ஊரில் இருக்கிறார்கள். அதனால் யார் போனாலும் வந்தாலும் ஊறுகாயும் ஸ்வெட்டரும் இப்படித்தான் இடம் மாறிக்கொள்ளும்.

"ஒடையாம கொண்டாந்துட்டேன் சார். லிஃப்ட்ல நம்ம செகரட்டரி என்ன அதுன்னு கேட்டாரு. தேன் பாட்டில்னு சொல்லிட்டேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

துவாலையைப் பிரித்தால் பழுப்புக் கண்ணாடி பாட்டில். லேபிளில் ஒரு மரம், மரத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பிட்டர்'. கழுத்தில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு. மகள் கையெழுத்து: "அப்பா, நீ அடிக்கடி சொல்லுவியே, அந்த பீர். இப்பவாவது குடிச்சுப் பாரு."

நான் பெரிய குடிகாரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, அதுவும் யாராவது கூப்பிட்டால். நீங்கள் நம்பாவிட்டாலும் போகிறது. ஆனால் இங்கிலீஷ்காரனின் பிட்டரைப் பற்றி என்னைப் போல விலாவாரியாகப் பேசக்கூடிய ஆள் மந்தைவெளியில் இன்னொருவர் கிடையாது. ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் அதைப் பற்றி முந்நூறு பக்கம் வரிக்கு வரி படித்தவன் நான். நான் மட்டுமில்லை, என்னுடன் வேலை பார்த்த இத்ரீசும்.

பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். வீட்டில் நான் ஒருவன்தான். மகள் பிரசவத்துக்கு மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள் மனைவி. பேத்தி குப்புற விழட்டும் என்றாள், தவழட்டும் என்றாள், இப்போது நடக்கட்டும் என்கிறாள். அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆனால் இந்த வீட்டில் குக்கர் சத்தம்கூடக் கேட்பதில்லை, அவ்வளவுதான். டி.வி.யை யாருக்காகவோ ஓடவிட்டு வைத்திருக்கிறேன்.

ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால், தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்புறத் தெரு ஒன்றில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். இங்கிலாந்துப் பதிப்பகங்களின் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்து அனுப்புவது தொழில். பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் அது எழுத்து எழுத்தாகப் படித்துத் துப்பும். துப்பியதில் பாதி தப்பாக இருக்கும். அதைத் திருத்துவதற்குத்தான் எங்களுக்குச் சோறு. பல்லுக்கு வேர் சிகிச்சை, ஸ்காட்லாந்துக் கோட்டைகள், முயல் வளர்ப்பு என்று எது வந்தாலும் படிப்போம். ஏ.சி. ஜில்லிப்பில் பனிச்சறுக்கைப் பற்றிப் படித்துவிட்டுக் கீழே இறங்கினால் எவர்சில்வர் குடத்தில் வெயில் பட்டுக் கண் கூசும்.

ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர். ஒருவர் எண்களை மட்டும் பார்ப்பார், சிவப்பு பேனா. இன்னொருவர் சொற்களைப் பார்ப்பார், பச்சை பேனா. முகப்புத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்: எண்கள் சரி என்று ஒருவர், சொற்கள் சரி என்று ஒருவர். நான் பச்சை. இத்ரீஸ் சிவப்பு.

இத்ரீஸ் வீடு மயிலாப்பூர் கச்சேரி ரோடு. அவன் அப்பா அங்கே அத்தர் கடை வைத்திருந்தார். அவன் காது மடலுக்குள் எப்போதும் ஒரு பொட்டு பஞ்சு இருக்கும். ஒருநாள் மல்லி, ஒருநாள் சந்தனம், வெள்ளிக்கிழமை ஊத். கதவு திறப்பதற்கு முன்னாலேயே அவன் வந்துவிட்டான் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து சீட்டுப் பெண் தும்முவாள். "இன்னாமா, வாசனைக்கே தும்மறே. எங்கப்பா கடைக்கு வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போவே" என்பான்.

அப்படியிருக்கையில்தான் அந்த பீர் புத்தகம் வந்தது. பீரை எப்படிக் குடிப்பது என்றல்ல, எப்படி ருசி பார்த்து மார்க் போடுவது என்று சொல்லும் புத்தகம். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி. நிறத்துக்கு மூன்று, மணத்துக்கு ஐந்து, சுவைக்கு ஏழு, வாயில் உணரும் கனத்துக்கு இரண்டு, விழுங்கிய பிறகு தங்கும் கசப்புக்கு மூன்று. மொத்தம் இருபது. அதில் பெரிய அத்தியாயம் பிட்டர் என்ற வகைக்கு. நுரையும் காற்றும் குறைந்த, கசப்பான, செம்பு நிற பீர். அந்த ஊரில் அதுதான் நம் சாம்பார் மாதிரி போலிருக்கிறது, ஊருக்கு ஊர் ஒரு பக்குவம், ஊருக்கு ஊர் ஒரு சண்டை.

அந்த அத்தியாயத்தில் நான் திண்டாடிப் போனேன். இந்த பிட்டரில் மண்ணின் மணம் இருக்க வேண்டும் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற ஒரு கொடியின் பூ. நல்ல பூவாக இருந்தால் மண் மணக்குமாம். கம்ப்யூட்டர்தான் தப்பாகப் படித்துவிட்டது என்று பச்சை பேனாவைத் திறந்துவிட்டேன். "பீர்ல மண்ணு வாசனை வந்தா எவனாவது குடிப்பானா?" என்றேன்.

மறுநாள் இத்ரீஸ் ஒரு சின்ன சீசாவோடு வந்தான். பஞ்சை நனைத்து என் புறங்கையில் தடவி, "மோந்து பாரு" என்றான். பங்குனி மாச வெயிலில், அந்த ஏ.சி. அறையில், மழை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தெரு எப்படி மணக்குமோ அப்படி மணந்தது என் கை.

"மண் அத்தர், நைனா. சுட்ட மண்ணுலேர்ந்து எறக்கறது. வாசனைக்கு மண்ணு ஆவாதுன்னு எவன் சொன்னான்? பேனாவை மூடு."

மூடினேன். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தில் புரியாத மணம் எது வந்தாலும் அவனைத்தான் கேட்டேன். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வான். மால்ட் என்ற வறுத்த தானியத்தின் மணத்துக்கு, "தந்தூரி ரொட்டியோட கருகுன ஓரம், நடுவுல இல்ல" என்பான். பழ மணம் என்றால், "கமலா ஆரஞ்சு தின்னும்போது இல்ல, தோலை நகத்தால கீறும்போது" என்பான். அவன் வாழ்நாளில் பீரைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டான். ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைக்கூட விடாதவன். நான்தான் மெனக்கெட்டு ஒயின்ஷாப்புக்குப் போய், கிடைத்த பீரை வாங்கிக் குடித்துவிட்டு வந்து, நீ சொன்ன எதுவுமே இதில் இல்லையே என்று முறையிடுவேன். "நீ குடிச்சது வேற சரக்கு. என்னிக்காவது அசல் பிட்டரைக் குடிப்பே இல்ல, அன்னிக்கு வந்து சொல்லு. நான் சொன்னது ரைட்டா தப்பான்னு மட்டும் சொல்லு, போதும்" என்பான். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த மூன்று மாசமும் கண்ணில் பட்டதற்கெல்லாம் இருபதுக்கு மார்க் போட்டோம். தெருமுனை டீக்குப் பதினொன்று. மயிலாப்பூர் ரோஸ்மில்க்குக்கு நிறத்தில் மூன்றுக்கு நான்கு கொடுத்துவிட்டான், தப்பு என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டான். கேன்டீன் ரசத்துக்கு நிறம் இரண்டு, மணம் பூஜ்யம், கனம் பூஜ்யம், விழுங்கியபின் தங்குவது என்ற இடத்தில், "அது டாக்டர் சொல்லுவாரு" என்று எழுதி கேன்டீன் போர்டிலேயே ஒட்டினான். என் வாழ்க்கையில் ஆபீசுக்கு ஆசையாகப் போன மூன்று மாசம் உண்டென்றால் அதுதான். அது அப்போது எனக்குத் தெரியாது.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கும் தெரியாது.

பிட்டர் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை. எந்த பீரை எந்தக் குளிர்ச்சியில் ருசி பார்க்க வேண்டும் என்ற கணக்கு. பிட்டருக்கு நேராக 12 டிகிரி என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒயின்ஷாப் வாசலில் நின்றிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கூலிங் கீதா?" என்பதுதான் முதல் கேள்வி, எந்த பீர் என்பதெல்லாம் அப்புறம். அட்டவணையில் இருக்கும் நெட்டுக்கோட்டை 1 என்று கம்ப்யூட்டர் படித்துவிடுவது எங்கள் தொழிலில் தினசரி நடப்பது. இதுவும் அப்படித்தான், கோட்டை நீக்கினால் 2 டிகிரி என்றேன்.

"கோடு இல்ல நைனா, பன்னெண்டுதான். ஜில்லுன்னு இருந்தா மணம் எந்திரிக்காது. அத்தரை ஃபிரிட்ஜ்ல வெச்சிட்டு மோந்து பாரேன்" என்றான் இத்ரீஸ்.

"குடிக்கிறவன் நானா நீயா?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, 12க்கு மேல் சிவப்பில் டிக் அடித்து, முகப்புத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் பக்ரீத்துக்கு லீவில் போனான். அன்றைக்கே புத்தகம் போக வேண்டும். கடைசியாக ஒருமுறை புரட்டிக்கொண்டிருந்தவன் அந்தப் பக்கத்தில் நின்றேன். எண்ணைத் தொட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் அந்த 1 என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பச்சை பேனாவால் அதை அடித்தேன். மறுநாள் அவன் பிரியாணியோடு வந்தான். சாப்பிட்ட சுகத்தில் சொல்ல மறந்துபோனேன். மறந்துதான் போனேன், அதுவரைக்கும் அது வெறும் மறதி.

புத்தகம் அச்சாகி அந்த ஊர்க் கடைகளுக்குப் போய்ச் சில மாசம் கழித்துக் கடிதம் வந்தது. பிட்டரை ஐஸ் மாதிரி குளிரவைத்து மார்க் போடச் சொல்லியிருக்கிறதே என்று அங்கே எல்லோரும் பதிப்பகத்தைக் கேலி செய்கிறார்களாம். நம் ஊர் சமையல் புத்தகத்தில் ரசத்தில் ஐஸ் கட்டி போட்டுப் பரிமாறவும் என்று வந்தால் எப்படியிருக்கும்? மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். மேஜைமேல் முகப்புத் தாள் மட்டும் இருந்தது. திருத்திய பக்கங்களெல்லாம் மூட்டை கட்டிக் கிடங்குக்குப் போய்விட்டிருந்தன.

"எண்கள் யார் பாத்தது?"

"நான்தான் சார். கையெழுத்து என்னுதுதான்" என்றான் இத்ரீஸ்.

"ரெண்டு நாள் டைம். எழுத்துல விளக்கம் குடு."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். எனக்கு வேலை நிரந்தரமாகாத சமயம், மனைவிக்கு ஏழாம் மாசம். இந்த பாட்டிலை அனுப்பிய மகள்தான் அப்போது வயிற்றில். இதையெல்லாம் காரணமாக இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம். வேறு பெயர் அதற்குக் கிடையாது. ஏ.சி.யிலிருந்து தொங்கிய தூசியைப் பார்த்தபடி நின்றேன்.

அந்த இரண்டு நாளும் அவன் வழக்கம்போல அத்தர் மணக்க வந்தான். மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். மூன்றாம் நாள் விளக்கம் எதுவும் எழுதிக் கொடுக்காமல், சிவப்பு பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். அறையில் அவன் வாசனை ஒரு வாரம் இருந்ததாக எனக்கு நினைப்பு. பிரமையாகவும் இருக்கலாம்.

அப்பா கடையில் உட்கார்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மந்தைவெளியிலிருந்து கச்சேரி ரோட்டுக்குப் பொடிநடையாகப் போனால் இருபது நிமிஷம். இருபத்தேழு வருஷம் நான் அந்த ரோட்டில் கால் வைக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போனால் கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்புவேன். சாந்தோமுக்கென்றால் பட்டினப்பாக்கம் வழி. "எதுக்குங்க இப்படிச் சுத்து வழி?" என்று மனைவி கேட்டால், அங்கே டிராஃபிக் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டிலைத் திறந்தேன். புத்தி எங்கே போகும், இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து ஜில்லென்று எடுத்தேன். அடியில் வண்டல் தங்கியிருக்கும், கலங்காமல் ஊற்று என்று லேபிளில் போட்டிருந்தது. புளிக்கரைசலை இறுத்தெடுக்கிற மாதிரி சாய்த்து ஊற்றினேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த செம்பின் நிறம். நிறத்துக்கு மூன்றுக்கு மூன்று. ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், கேட்க ஆளில்லாத வீட்டில் வெட்கமென்ன.

ஒரு வாய் குடித்தேன். ஒன்றுமே இல்லை. கசந்த ஐஸ் தண்ணீர். மூக்கருகே கொண்டுபோனால் ஃபிரிட்ஜ் வாசனைதான் வந்தது. இதற்காகவா என்று இருந்தது.

டம்ளரை ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பன்னிரண்டு டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சல் பார்க்கும் மீட்டரை உள்ளே விட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். விட்டேன். அது எதுவும் சொல்லவில்லை. டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து, வேர்த்தது வழிந்து, மெல்லக் காய ஆரம்பித்தது. அரை மணி இருக்கும். மறுபடி எடுத்தேன்.

ரொட்டியின் கருகிய ஓரம் வந்தது. நடுப்பகுதி இல்லை, ஓரம்தான். அதன் பின்னாலேயே, நகத்தால் கீறிய கமலாத் தோல். இன்னும் கொஞ்சம் பொறுத்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தேன். அடியிலிருந்து மண் எழும்பி வந்தது. அவன் அன்றைக்கு என் புறங்கையில் தடவினானே, அதே மண். டம்ளரை வைத்துவிட்டுப் புறங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாராவது பார்த்தால் ஒரு டம்ளருக்கே இப்படியா என்று நினைத்திருப்பார்கள்.

மொத்தம் பதினாறு. நிறத்துக்கும் மணத்துக்கும் முழு மார்க்.

காலையில் வரும் வேலைக்காரம்மா பார்க்க வேண்டாமே என்று பாட்டிலையும் டம்ளரையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். வாயைக் கொப்பளித்தேன். வெயில் தாழ்ந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு கச்சேரி ரோட்டுக்கு நடந்தேன். மெட்ரோ வேலைக்கு வழியெல்லாம் தகரம் அடித்திருந்தார்கள். ரோடே அடையாளம் தெரியவில்லை. அத்தர் கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் தொங்கியது. பக்கத்துத் தையற்கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்ரீஸ் பாயா? கடையக் குடுத்துட்டு மூணு வருசம் ஆவுது. வாணியம்பாடில பொண்ணு வூட்டுல கீறாரு. நீங்க?"

கூட வேலை பார்த்தவன் என்றேன். நம்பர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, டி.வி.யை அணைத்துவிட்டு, போன் செய்தேன். பெயரைச் சொன்னேன். வைத்துவிடுவான் என்றே நினைத்தேன்.

"இன்னா நைனா, நல்லா கீறியா?"

குரல் கிழடு தட்டியிருந்தது. என் குரலும் அவனுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "பிட்டர் குடிச்சேன், இத்ரீசு" என்றேன்.

"அடப்பாவி! இருபத்தேழு வருசமா ஒரே பாட்டிலையா குடிச்சிகினு இருந்தே?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

"நீ சொன்னது ரைட்டு. பன்னெண்டுதான். அதை ரெண்டு ஆக்குனது…"

"பச்சை மை" என்றான். "தெரியும். அன்னிக்கே கெடங்குல மூட்டையப் பிரிச்சு அந்தப் பக்கத்தப் பாத்துட்டேன்."

"அப்ப ஏன்டா மேனேஜர்கிட்ட காட்டலை?"

"நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். ரெண்டு நாளும் பாத்தேன். அப்பால போய்ட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான். மன்னிச்சுக்கோ என்றேன். அந்தச் சொல் எனக்கே போதவில்லை.

"வுடு நைனா. மார்க்கு எவ்ளோ போட்டே?"

"பதினாறு."

"மணத்துக்கு?"

"அஞ்சுக்கு அஞ்சு. ரொட்டி ஓரம், கமலாத் தோல் எல்லாம் நீ சொன்ன மாதிரியே. கடைசியா மண் அத்தர் வந்தது பாரு, அப்படியே உன் சீசாதான்."

அவன் பக்கம் எங்கோ குழந்தைகள் சத்தம் கேட்டது.

"எனக்கு மூக்கு போயிடுச்சு நைனா. கொரோனா வந்துச்சில்ல, அதுல போனது திரும்பவேயில்ல. அத்தரும் சாக்கடையும் ஒண்ணாப் பூடுச்சு. மூக்கு இல்லாதவன் அத்தர் கடைல குந்திகினு இன்னா பண்றது, குடுத்துட்டேன்." பிறகு கேட்டான்: "மண் அத்தர் எப்டி இருக்கும்? மறந்தே பூட்டுது. நீ இப்பதானே மோந்தே, சொல்லேன்."

"மழைக்கு முன்னாடி தெரு…" என்று ஆரம்பித்தேன்.

"அதுவுந்தான் மறந்துபோச்சு."

போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்குப் போய், கவிழ்த்து வைத்த பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். சோப்பு வாசனைதான் வந்தது.

"சொல்லு நைனா, கேட்டுகினுதான் கீறேன்" என்றான்.